சைக்கிளின் தலைக் கிண்ணங்களை வீட்டிலேயே கழற்றிப் பொருத்தும் முறை

சென்னைக்குத் தெற்கே மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றிய தெருக்களும் கடலோரக் குப்பமுமாக ஒரு காலத்தில் தனிக் கிராமமாய் இருந்த திருவான்மியூர், இன்று மாநகரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆயினும் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் அங்கே இன்னும் அநேகர். விடியற்காலையில் பத்திரிகை போடும் பையன்கள், இரவில் தேநீர்ப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சுற்றுபவர்கள், மீன் பெட்டியை ஏற்றிச் செல்பவர்கள், கட்டட வேலைக்கு வரும் கொத்தர்கள் ஆகியோருக்குச் சைக்கிள் ஒரு நாள் நின்றால் அன்றைய வரும்படியும் நிற்கும். இவர்கள் டயர், செயின், பிரேக் ஆகியவற்றை ஒருவாறு கவனித்துக்கொள்கிறார்கள். ஹாண்டில்பாருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒடுங்கியிருக்கும் தலைக் கிண்ணங்களைப் பற்றியோ எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவையும் தேயும் என்பது, ஒரு நாள் வண்டி சொன்ன திசையில் திரும்பாமல் அடம் பிடிக்கும்போதுதான் தெரிய வருகிறது.

சட்டத்தின் முன்புறத்தில் செங்குத்தாய், சற்றுச் சாய்ந்து நிற்கும் குட்டையான குழாய்க்குத் தலைக்குழாய் என்று பெயர். முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கின் தண்டு இதனுள்ளே நுழைந்து மேலே வருகிறது. தண்டு உராயாமல் திரும்பும் பொருட்டு, தலைக்குழாயின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் ஒவ்வோர் எஃகுக் கிண்ணம் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும். பட்டறைக்காரர்கள் இதைக் கப்பு என்பார்கள். மேல் கிண்ணத்தின் வாய் ஆகாயத்தைப் பார்த்திருக்கும். கீழ்க் கிண்ணத்தின் வாய் பூமியைப் பார்த்திருக்கும். போர்க்குத் தண்டின் அடியில் இறுகப் பதிந்த ஒரு கோனும், மேலே மரையில் திருகி இறங்கும் மற்றொரு கோனும் அக்கிண்ணங்களுக்கு எதிரே நிற்கும். இவ்விரண்டு ஜோடிகளுக்கும் இடையே பால்ரஸ் எனப்படும் குண்டுகள் உருளுகின்றன. சைக்கிளில் இவ்விதம் குண்டுகளைப் பயன்படுத்தும் முறைக்கு ஜூல் சூரிரே என்னும் பாரிஸ் நகரத்தார் 1869-ஆம் வருஷத்திலேயே உரிமைப் பத்திரம் பெற்றார்.

கிண்ணம் ஏன் கெடுகிறது என்பதை அறிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சக்கரத்தின் அச்சிலுள்ள குண்டுகள் முழுச் சுற்றாகச் சுற்றுகின்றன. ஆகவே கிரீஸ் எங்கும் பரவுகிறது. தலைக் குண்டுகளுக்கு அந்த யோகம் இல்லை. நேரான சாலையில் செல்லும்போது ஹாண்டில்பார் இப்புறமும் அப்புறமும் மயிரிழை அளவே அசைகிறது. பள்ளம் மேடுகளில் போர்க்கு நுட்பமாய் அதிர்கிறது. குண்டு நிற்கும் இடத்திலிருந்து கிரீஸ் பிதுங்கி விலகிவிட, எஃகும் எஃகும் நேரே உரசி, ஒவ்வொரு குண்டுக்கும் கீழே ஒரு சிறு குழி விழுகிறது. இக்குழிகள் பள்ளத்தில் விழுந்த அடியினால் உண்டாகின்றன என்று பலரும் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் இந்த ஓயாத சிற்றசைவே காரணம். குழிகள் ஆழமானதும் குண்டுகள் அவற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹாண்டில்பார் நடு நிலையில் 'டக்' என்று பிடித்து நிற்கும்.

கீழ்க் கிண்ணம் மேல் கிண்ணத்துக்கு முன்பே கெடும். பாரத்தின் பெரும் பகுதி அதன் மேல் விழுவதும், சக்கரம் வாரியிறைக்கும் சேறும் தண்ணீரும் நேரே அதனுள் புகுவதும் இதற்குக் காரணங்கள். திருவான்மியூரில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. வால்மீகி நகர் முதல் குப்பம் வரையில், கடற்கரையை ஒட்டிய வீடுகளின் ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் உப்புக் காற்றில் அரிக்கப்படுவதை அங்கே குடியிருப்பவர்கள் அறிவார்கள். மொட்டை மாடியிலோ திண்ணை ஓரத்திலோ நிறுத்தப்படும் சைக்கிளுக்கும் அதே கதி. கிரீஸ் காய்ந்த கிண்ணத்தில் உப்பீரம் இறங்கினால் துரு பிடிக்கும். துருத் தூளும் கடல் மணலும் சேர்ந்து சாணைக்கல் போல் அரைக்கும்.

பாரம் ஏற்றும் விதமும் பெரிதும் பொறுப்பாகும். 2019-ஆம் வருஷக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, தெருக் குழாய்க்கும் தண்ணீர் லாரிக்கும் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு அலைந்தவர்கள் பலர். பதினைந்து லிட்டர் கொள்ளும் ஒரு குடம் நிறைந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அதைப் பின் காரியரில் கட்டினால் பாரம் பின் சக்கரத்துக்குப் போகும். ஹாண்டில்பாரின் இரு முனைகளிலும் தொங்கவிட்டால் பாரம் ஊசலாடிக்கொண்டே தலைக் கிண்ணங்களை அலைக்கழிக்கும். இவ்வழக்கத்தை விட்டாலே கிண்ணத்தின் ஆயுள் நீளும்.

கிண்ணம் கெட்டதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். தலைக்குழாயின் அடியில் மற்றொரு கையின் விரலை வைத்தால், ஆட்டம் இருப்பின் விரலுக்குத் தெரியும். பிறகு முன் சக்கரத்தைத் தரையினின்று தூக்கி, ஹாண்டில்பாரை ஒரே விரலால் மெதுவாய்த் திருப்ப வேண்டும். ஆட்டம் மட்டும் இருந்தால் கோனைச் சற்றுத் திருகினால் சரியாகிவிடலாம். நடுவில் பிடித்தாலோ, நறநறவென்று அரைத்தாலோ பிரித்துப் பார்க்காமல் தீராது. நடுவில் பிடிக்கும் வண்டியைச் சிலர் பழகிப்போயிற்று என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து உரசிச் செல்லும்போது அரை அடி விலக நினைத்து ஒன்றரை அடி விலகிவிட்டால் என்னவாகும் என்பதை அவர்களே யோசிக்க வேண்டும்.

கழற்றுதல்

இங்கே முதலில் சொல்லப்படுவது, சென்னையில் 1949-இல் ஸ்தாபிக்கப்பட்ட டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் ஹெர்குலிஸ், பி. எஸ். ஏ. வண்டிகள் போன்ற பழைய மாதிரிச் சைக்கிள்களுக்கு உரியது. பாரம் ஏற்றுவோர் விரும்புவது இம்மாதிரியையே. புது மாதிரிகளைப் பற்றிப் பின்னால் காணலாம்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை: பொருத்தமான ஸ்பானர்கள், ஒரு சுத்தி, ஒரு கொட்டாப்புளி, பழந்துணி, மண்ணெண்ணெய் அல்லது டீசல், கிரீஸ், கீழே விரிக்க ஒரு கோணிப்பை, குண்டுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணி.

முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கம்பியையும் விளக்குப் பட்டையையும் விலக்கிவிட வேண்டும். ஹாண்டில்பார்த் தண்டின் உச்சியில் உள்ள நீண்ட போல்ட்டை மூன்று நான்கு சுற்றுக்கள் மட்டுமே தளர்த்தி, அதன் தலையில் கொட்டாப்புளியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால், தண்டினுள் ஆப்புப்போல் இறுகியிருக்கும் துண்டு விடுபடும். ஹாண்டில்பாரை மேலே உருவலாம். போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டுத் தட்டுவது தவறு. ஆப்பு உள்ளேயே தங்கிவிடும். பல வருஷம் அசையாத தண்டு துருவினால் ஒட்டிக்கொண்டிருந்தால், மெல்லிய இயந்திர எண்ணெயை விளிம்பில் விட்டு ஓரிரவு வைத்திருப்பது நன்று.

பிறகு மேலேயுள்ள பூட்டு நட்டு, அதன் கீழுள்ள வாஷர், மேல் கோன் ஆகியவற்றை வரிசை மாறாமல் கழற்றித் துணியில் அடுக்க வேண்டும். கோன் வெளிவரும் சமயம் ஒரு கையால் போர்க்கைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது நழுவும்; குண்டுகள் மூலைக்கொன்றாய் ஓடும். குண்டுகளைப் பொறுக்கி, மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த எண்ணிக்கையைக் குறிக்காதவர்கள் பின்னால் திண்டாடுவார்கள்.

யாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், கிண்ணத்தின் பாதையில் விரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் குழியில் இடறினால் கிண்ணத்தை மாற்றியே ஆக வேண்டும். இடறாமல் வழவழப்பாய் இருந்தால் கிண்ணத்தைத் தொடவே வேண்டாம். புதிய குண்டும் புதிய கிரீஸும் போதும். தேவையில்லாமல் கிண்ணத்தை அடித்துக் கழற்றுவதால் தலைக்குழாயின் பிடிதான் தளரும்.

இனித்தான் ஜாக்கிரதை வேண்டிய கட்டம். தலைக்குழாயினுள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால், கிண்ணத்தின் உள் விளிம்பு குழாயின் சுவரைவிடச் சற்றே உள்ளே நீண்டு ஒரு படி போல் தெரியும். அந்தப் படியில்தான் அடி விழ வேண்டும். கீழ்க் கிண்ணத்தைக் கழற்ற மேலிருந்து ஓர் இரும்புத் தண்டை விட்டு, அதன் தட்டையான முனையைப் படியில் ஊன்றி, மேல் முனையில் மிதமாய்த் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் தட்டலாகாது. வடக்கே ஒரு தட்டு, தெற்கே ஒரு தட்டு, பின் கிழக்கு, மேற்கு என்று மாறி மாறிச் சென்றால் கிண்ணம் நேராய் இறங்கும். ஒரு பக்கம் மட்டும் நக அளவுக்கு வெளியே வந்திருந்தால், எதிர்ப் பக்கம் அதனுடன் சேரும் வரை அங்கேயே தட்ட வேண்டும். சாய்ந்த கிண்ணத்தைப் பலாத்காரமாய் அடித்தால் அது குழாயின் வாயைக் கிழித்து முட்டை வடிவாக்கும். பிறகு எந்தப் புதுக் கிண்ணமும் அங்கே நிலைக்காது. மேல் கிண்ணத்துக்குச் சட்டத்தைத் தலைகீழாய்ப் பிடித்து இவ்வாறே செய்ய வேண்டும். சட்டத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் நலம்.

இதனினும் சீரான கருவி ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள, மின்சாரக் கம்பி விடும் எஃகுக் குழாயில் ஒன்றரை அடித் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் கம்பி அறுக்கும் வாளால் மூன்று அங்குல ஆழத்துக்குச் சிலுவை போல இரண்டு வெட்டுக்கள் வெட்ட வேண்டும். அப்போது நான்கு விரல்கள் உண்டாகும். அவற்றைப் பூப்போல் சற்றே விரித்துவிட வேண்டும். வெட்டாத முனையை, கழற்ற வேண்டிய கிண்ணத்தின் வழியே முதலில் நுழைத்து, மறு வாயால் வெளியே இழுத்தால், விரல்கள் ஒடுங்கிக் கிண்ணத்தைக் கடந்து, உள்ளே போனதும் விரிந்து படியின் பின்னால் உட்காரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெட்டாத முனையில் தட்டினால் நான்கு இடத்திலும் ஒரே சமயத்தில் அடி விழும். நாலு வீட்டுக்கு இப்படி ஒரு குழாய் இருந்தால் போதும். தினந்தோறும் தேவைப்படும் பொருளன்று.

போர்க்கின் அடியில் பதிந்த கோனையும் புதிய கிண்ணத்துடன் மாற்றுவது முறை. மெல்லிய உளியையோ பட்டையான திருப்புளியையோ அதன் அடியில் இரு பக்கமும் மாற்றி மாற்றிச் செருகித் தட்டினால் மேலெழும்.

போர்க்கு கையில் இருக்கும் இத்தருணத்தை வீணாக்கலாகாது. தண்டைத் துடைத்து வெயிலில் பிடித்து, அடியில் கோன் உட்காரும் இடத்தையும் மேலே மரை தொடங்கும் இடத்தையும் சுற்றிலும் ஊன்றிப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற கோடு ஒன்று குறுக்கே ஓடி, அதிலிருந்து துரு கசிந்திருந்தால் அது வெடிப்பு. துரு ஆழமாய்த் தின்று தண்டு மெலிந்திருந்தாலும் அப்படியே. கிண்ணம் கெட்ட வண்டி தடுமாறும். தண்டு முறிந்த வண்டியோ, முன் அறிவிப்பின்றிச் சட்டம் முன்னே மடங்க, ஓட்டுபவரை முகங்குப்புறச் சாலையில் தள்ளும். வெடித்த தண்டைப் பற்றவைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்கத் தக்கதன்று. வேறு போர்க்கு வாங்க வேண்டும்.

பொருத்துதல்

புதுக் கிண்ணங்களை வாங்கும்போது பழையவற்றைக் கையோடு கொண்டுபோவது அவசியம். பார்வைக்கு ஒன்றாய்த் தோன்றும் கிண்ணங்களில் அளவு வேறுபாடு உண்டு. ஒரு அங்குலத் தண்டுள்ள வண்டிகளில் ஒரு வகைக் கிண்ணத்தின் வெளிவிட்டம் 30.2 மில்லிமீட்டர், ஜப்பானிய வகையில் 30.0. இக்கால் பங்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த பேதத்தில்தான் பிடி இருக்கிறது. அடிக் கோனின் உள்விட்டமும் முதல் வகையில் 26.4, ஜப்பானிய வகையில் 27.0. மரையிலும் பேதமுண்டு. பொதுவாக அங்குலத்துக்கு 24 மரை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் செய்யப்பட்ட பழைய ராலே வண்டிகளில் 26. பாட்டனார் காலத்து ராலே வைத்திருப்போர், சாதாரணக் கோனை அதில் பலவந்தமாய்த் திருகித் தண்டின் மரையை அழித்துவிடக் கூடாது.

கிண்ணத்தை உள்ளே ஏற்றச் சாலையோரத்தில் சுத்தியால் நேரே அடிப்பதைக் காணலாம். தகட்டில் அழுத்திச் செய்த மலிவான கிண்ணங்கள் அந்த அடியில் நெளிந்து, பூட்டிய அன்றே பழுதாகின்றன. இதற்கு உத்தமமான வழி, அரை அங்குல கனமுள்ள, நெடுக மரை வெட்டிய கம்பி ஒன்றும், இரண்டு நட்டுக்களும், கிண்ணத்தின் வாயைவிட அகலமான தடித்த வாஷர்களுமே. கம்பி, தலைக்குழாயைவிட அரைச் சாணாவது நீளமாயிருக்க வேண்டும். இரும்புக் கடைகளில் இவை யாவும் கிடைக்கும்.

தலைக்குழாயின் வாயை உட்புறம் துரு நீங்கத் தேய்த்து, மெல்லிதாய்க் கிரீஸ் பூச வேண்டும். மேல் கிண்ணத்தை வாய் மேலே பார்க்கும்படி கையால் நேராய் உட்கார வைத்து, அதன் வெளி விளிம்பின் மேல் வாஷர் படியும்படி கம்பியைச் செருகி, மறு முனையில் துளையிட்ட கட்டையை வெறும் குழாயின் மேல் வைத்து, இரு நட்டுக்களையும் முடுக்க வேண்டும். வாஷர் விளிம்பில்தான் அழுத்த வேண்டும். குண்டு ஓடும் பாதையில் படலாகாது. கால் சுற்றுக்கொரு முறை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சாய்வு தெரிந்தால் உடனே நிறுத்தி, வெளியே எடுத்து மீண்டும் தொடங்க வேண்டும். இறுக்கினால் தானே நேராகும் என்பது வீண் நம்பிக்கை. கிண்ணம் அடியில் உட்கார்ந்ததும் நட்டு திடீரென்று கனத்துவிடும். விளிம்புக்கும் குழாய்க்கும் இடையே காகிதம்கூட நுழையாது. அத்துடன் நிறுத்த வேண்டும். பின்னர் கீழ்க் கிண்ணத்தைத் தனியே இவ்வாறு ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒருங்கே ஏற்ற முயன்றால் எது சாய்கிறது என்று கண்டுகொள்வது கடினம்.

இவ்வேலையில் புஜபலம் வேண்டியதில்லை. திருகின் பலமே செய்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஓட்டுவதைக் கற்றவருக்கு இதைக் கற்பதும் அரிதன்று. அரசு வழங்கும் பள்ளிச் சைக்கிள்களை ஓட்டும் மாணவியர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிக்கொள்ளலாம்.

கிண்ணம் கை விரலாலேயே உள்ளே போய்விட்டால் தலைக்குழாய் அகன்றுவிட்டது என்று பொருள். தகட்டுத் துண்டையோ காகிதத்தையோ சுற்றித் திணிப்பது வீடு போய்ச் சேருமளவுக்குத்தான் உதவும். சொற்பத் தளர்வு மட்டுமானால், உலோகங்களைப் பிணைக்கும் பசை மருந்துகளால் நிலைநிறுத்தலாம். அதற்கு மேற்பட்டால் பட்டறைக்காரர்தான் பார்க்க வேண்டும்.

அடிக் கோனைத் தண்டின் மேல் ஏற்ற, ஒரு அங்குல அளவென்று விற்கும் தண்ணீர்க் குழாய்த் துண்டு உதவும். அதன் உள்விட்டம் 27 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் இருப்பதால் தண்டின் மேல் வழுக்கி இறங்கும். புதுக் கோனின் மேல் பழைய கோனைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் குழாயை நிறுத்தித் தட்டினால் குண்டு ஓடும் பாதைக்குச் சேதமில்லை.

இனி இரு கிண்ணங்களிலும் கிரீஸை தாராளமாய் அப்பி, புதிய குண்டுகளை அதில் பதிக்க வேண்டும். பழைய குண்டுகளுடன் புதியவற்றைக் கலக்கலாகாது. பெரிய குண்டே பாரம் முழுவதையும் சுமக்கும். சுற்று நிறையப் பதித்து, சுமார் ஒரு குண்டுக்கு இடம் காலியாயிருப்பது சரியான கணக்கு. முன்பு குறித்துக்கொண்ட எண்ணுடன் இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம். தகட்டு வளையத்தில் கோத்த குண்டுகளானால் வளையத்தைத் தலைகீழாய்ப் போட்டுவிடும் பிழை சகஜம். பூட்டிப் பார்த்தால் தகடு உராய்ந்து கரகரக்கும். திருப்பிப் போட்டால் போயிற்று. கிரீஸுக்குப் பதிலாக நல்லெண்ணெய் விடுவோர் உண்டு. அது நாளடைவில் பிசுக்காகி மணலை ஈர்த்துக்கொள்ளும்.

போர்க்கை நுழைத்து, மேல் கோனை ஆட்டம் ஒழியும்வரை கையால் திருகி, மயிரளவு பின்வாங்கி, வாஷரைப் போட்டுப் பூட்டு நட்டை நன்கு இறுக்க வேண்டும். பூட்டு நட்டு இறுகும்போது கோனையும் சற்றே அழுத்துமாதலால், இரண்டு மூன்று தரம் சரிபார்த்தே சரியான நிலையைக் காண முடியும். வண்டியை முன்பக்கம் தூக்கிச் சற்றுச் சாய்த்தால் சக்கரம் தன் பாரத்தாலேயே பக்கத்துக்கு விழ வேண்டும். அதிக இறுக்கமுள்ள வண்டி நேராய்ச் செல்லாமல் நெளிந்து நெளிந்து போகும். கற்றுக்குட்டி ஓட்டுவதுபோல் இருக்கும்.

ஹாண்டில்பார்த் தண்டுக்குக் கிரீஸ் பூசி, அதில் வெட்டியுள்ள எல்லைக் கோடு உள்ளே மறையும்படி செருகி, சக்கரத்துக்கு நேராக்கி, போல்ட்டை இறுக்க வேண்டும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்து ஹாண்டில்பாரைத் திருப்ப முயன்றால் அது நழுவக் கூடாது. பிரேக் கம்பியை மாட்டிச் சோதிக்காமல் தெருவில் இறங்கலாகாது.

புது மாதிரிகள்

ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துத் திசை நோக்கிப் பறக்கும் வண்டிகளில் பலவற்றில் மேல் மரையே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பரவிய இம்முறையில், ஹாண்டில்பாரின் பிடிப்பே போர்க்குத் தண்டை வெளியிலிருந்து கவ்வுகிறது. உச்சி மூடியின் போல்ட்டு ஆட்டத்தை மட்டும் நீக்குகிறது. ஆகவே முதலில் உச்சிப் போல்ட்டால் ஆட்டத்தை நீக்கி, பிறகே பக்கப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த, அதாவது ஒன்றே அரைக்கால் அங்குலத் தண்டுள்ள வகையில் கிண்ணத்தின் வெளிவிட்டம் 34 மில்லிமீட்டர். அழுத்திப் பொருத்தும் கிண்ணமாயின் மேற்சொன்ன கம்பியும் வாஷருமே இங்கும் போதும். சில வண்டிகளில் கிண்ணமே கிடையாது; குண்டுகள் அடைத்த வளையம் சட்டத்திலேயே கடைந்த குழியில் நேரே உட்காரும், விரலால் எடுத்துவிடலாம். இவ்வகையில் கிண்ணம் இருப்பதாக எண்ணித் தண்டை விட்டு அடித்தால் சட்டமே போய்விடும். கார்பன் நாரினால் செய்த சட்டத்தையும் போர்க்கையும் சுத்தியால் தொடவே கூடாது.

புதிதாய்ப் பூட்டிய கிண்ணங்கள் ஓடி ஓடிப் படியும்போது சற்றுத் தளர்வது இயல்பு. ஐம்பது மைல் ஓட்டியபின் பூட்டு நட்டைத் தளர்த்தி ஆட்டத்தை ஒரு முறை நீக்கிவிட வேண்டும். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், பிரித்துக் கழுவிக் கிரீஸ் இட்டால் போதும். கடலிலிருந்து இரண்டு மூன்று தெருக்களுக்குள் இருப்பவர்கள் சித்திரையிலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. பழைய டியூபில் ஒரு விரற்கடை அகலம் வெட்டி, போர்க்கை நுழைக்குமுன் தலைக்குழாயின் அடியில் மாட்டி, பிறகு கீழ்க் கிண்ணத்துக்கும் கோனுக்கும் இடையிலுள்ள சந்தை மூடும்படி இழுத்துவிட்டால் சேறும் மணலும் உள்ளே போவது பெரிதும் குறையும். டியூபு வெடித்தால் வேறு துண்டு போட்டுக்கொள்ளலாம்.